மீன் கூட்டின் கண்ணி அளவும் அதில் நிற்கும் மீனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் பாறை ஓரங்களில் வைக்கும் மீன் கூடுகளை, அதாவது மீன் உள்ளே நுழைந்து மாட்டிக்கொள்ளும் பொறிகளை, மனதில் வைத்து எழுதியது இது. கண்ணி என்பது கூட்டின் வலையில் உள்ள ஒரு திறப்பு; அதன் வழியாகத் தப்பாமல் உள்ளேயே மாட்டியிருப்பதைத்தான் மீன் நிற்கிறது என்கிறோம். களவா, விளமீன், செப்பிலி, ஓரா, கிளி மீன், நவரை என்று கலந்து ஏறும் கூடு. நண்டுக் கூட்டுக்கும் சிங்கி இறாலுக்கும் கணக்கு வேறு. அதற்குத் தனிக் கேள்வி பின்னால் இருக்கிறது.

கண்ணி அளவு என்றால் எதிலிருந்து எதுவரை அளப்பது?

குழப்பம் முக்கால்வாசி இங்கேதான். கடையில் ஒன்றரை அங்குல வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) என்று வாங்கினால், அந்த அளவு ஒரு கம்பியின் நடுவிலிருந்து அடுத்த கம்பியின் நடுவரை. 38 மி.மீ.யில் 14 கேஜ் கம்பியின் தடிமன் சுமார் 2 மி.மீ. போனால் திறப்பு 36தான். பிளாஸ்டிக் பூச்சு ஏறிய கம்பி என்றால் 35. கோழிவலை போன்ற அறுகோணக் கண்ணியை முறுக்குப் பக்கத்திலிருந்து எதிர்ப் பக்கத்து முறுக்குவரை அளப்பார்கள். மூலைக்கு மூலை அளந்தால் எண் கூடும். நைலான் வலையை இழுத்துப் பிடித்து முடிச்சுக்கு முடிச்சு அளந்தால் ஒரு எண், ஒரு பக்கத்தை மட்டும் அளந்தால் அதில் பாதி.

மீனுக்கு இந்த விற்பனை அளவு எதுவும் தெரியாது. கம்பியின் உள்விளிம்பிலிருந்து எதிர் உள்விளிம்பு வரை இருக்கும் வெற்றிடம்தான் அதற்கு வழி. வெர்னியர் காலிப்பரால் கூட்டின் ஐந்தாறு இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். இந்தப் பக்கத்தில் இனி வரும் எண்களெல்லாம் உள்விளிம்பு அளவுகள்.

ஒரே 40 மி.மீ. கண்ணி, ஆனால் சதுரக் கூட்டில் ஏறும் மீனும் அறுகோணக் கூட்டில் ஏறும் மீனும் வேறாக இருக்கிறதே, ஏன்?

தட்டையான மீன் நேராக நுழைவதில்லை. உடலைச் சாய்த்து, கண்ணியின் மிக நீண்ட கோட்டில் தன் முதுகையும் வயிற்றையும் பொருத்திக்கொண்டு வெளியே போகும். 40 மி.மீ. சதுரத்தில் மூலைக்கு மூலை 56.6 மி.மீ. இருக்கிறது. அறுகோணத்தில் பக்கத்துக்குப் பக்கம் 40 என்றால் மூலைக்கு மூலை 46.2 மட்டுமே. தட்டை மீனுக்குச் சதுரம் ஏறக்குறைய ஒரு செ.மீ. கூடுதலாக வழி விடுகிறது.

அறுகோணத்திலிருந்து சதுரத்துக்கு மாறும்போது அதே எண்ணை வாங்கிவிட்டு, மீன் குறைந்துவிட்டது என்று கண்ணியைச் சிறிதாக்குவது அடிக்கடி நடக்கிறது. கம்பியின் உருவம் மாறினால் எண்ணையும் புதிதாகக் கணக்கிட வேண்டும்.

மீனில் எதை அளக்க வேண்டும்? நீளமா?

நீளம் விலைக்கும் சட்டத்துக்கும் பயன்படும். கண்ணிக்கு வேண்டியவை இரண்டு: முதுகிலிருந்து வயிறு வரை உள்ள அதிகபட்ச உயரம், பக்கவாட்டில் அதிகபட்ச தடிமன். முள்துடுப்பை மடித்துவிட்டு அளங்கள். மீன் நெருக்கிக்கொண்டு போகும்போது அதை மடக்கித்தான் வைத்திருக்கும்.

வயிறு அமுங்கும், செவுள் மூடியும் தலை எலும்பும் அமுங்காது. அதனால் தலை பெருத்த களவாவுக்குத் தலை அளவே எல்லை. வயிற்றுப் பக்கம் பருத்த மீனுக்கு, தலை போய்விட்டால் உடல் கொஞ்சம் அமுங்கிப் போய்விடும். சினை பிடித்த மீன் அதே நீளத்தில் பருமன் கூடியிருக்கும். ஒரு பருவத்தில் 18 செ.மீ. மீன் தப்புகிறது, இன்னொரு பருவத்தில் அதே 18 செ.மீ. நிற்கிறது என்றால் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

எந்த மீன் நிற்கும், எது போகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட முடியுமா?

போடலாம். மீனின் குறுக்குவெட்டு நீள்வட்டம் என்று வைத்துக்கொண்டால், விறைப்பான கம்பிக் கண்ணிக்கு இரண்டு விதிகள் போதும். உ என்பது உடல் உயரம், த என்பது தடிமன், க என்பது கண்ணியின் உள்ளளவு.

சதுரக் கண்ணி: உ×உ + த×த என்ற தொகை 2×க×க-வைத் தாண்டாவிட்டால் மீன் போய்விடும்.

அறுகோணக் கண்ணி: 3×உ×உ + த×த என்ற தொகை 4×க×க-வைத் தாண்டாவிட்டால் போய்விடும்.

50 மி.மீ. உயரமும் 20 மி.மீ. தடிமனும் உள்ள மீனை எடுத்துக்கொள்வோம். 40 மி.மீ. சதுரத்தில் 2500 + 400 = 2900; எல்லை 3200; போய்விடும். 40 மி.மீ. அறுகோணத்தில் 7500 + 400 = 7900; எல்லை 6400; நிற்கும். அதே 50 மி.மீ. உயர மீனின் தடிமன் 28 ஆக இருந்தால் சதுரத்திலும் 2500 + 784 = 3284 ஆகிவிடும், நின்றுவிடும். எட்டு மி.மீ. தடிமன் முடிவையே மாற்றிவிடுகிறது பாருங்கள்.

இதையே நீளத்துக்குக் கொண்டுவந்தால் 40 மி.மீ. சதுரக் கண்ணி ஒவ்வொரு உருவத்துக்கும் ஒவ்வொரு நீளத்தில் வெட்டும். உயரம் நீளத்தில் 45 சதவீதமும், தடிமன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கும் உள்ள தட்டை மீன் சுமார் 12 செ.மீ. வரை தப்பும். உயரம் 30 சதவீதம், தடிமன் அதில் மூன்றில் இரண்டு பங்கு என்ற வாகுள்ள மீன் 15 முதல் 16 செ.மீ. வரை தப்பும். உருண்டு நீண்ட மீன், உயரமும் தடிமனும் நீளத்தில் 20 சதவீதம் என்றால், 20 செ.மீ. வரை தப்பும். பாம்பைப்போல் நீண்ட அஞ்சாலை எந்த நியாயமான கண்ணியிலும் போய்விடும். அதைப் பற்றிக் கவலைப்பட்டுக் கண்ணியைச் சுருக்குவதில் பொருளில்லை.

கணக்கு உத்தேச எல்லையைத்தான் காட்டும், அது துல்லியமான கோடு அல்ல. எல்லைக்கு 2, 3 மி.மீ. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சில மீன் நிற்கும், சில போகும்.

நைலான் வலை போர்த்திய மடக்குக் கூட்டுக்கும் இதே விதியா?

இல்லை. நூல் வளையும். தளர்வாகக் கட்டிய வலையில் மீன் முட்டும்போது கண்ணி அதன் உருவத்துக்கே விரிந்து கொடுக்கும். அங்கே மீனின் சுற்றளவையும் கண்ணியின் சுற்றளவையும் ஒப்பிட வேண்டும். இழுத்துப் பிடித்து 50 மி.மீ. அளக்கும் கண்ணிக்குச் சுற்றளவு 100 மி.மீ.; அதைவிடக் குறைந்த சுற்றளவுள்ள மீன் நெருக்கிக்கொண்டு போகலாம். சட்டத்தில் வலையை எப்படி இழுத்துக் கட்டுகிறீர்கள் என்பதும் முக்கியம். ஒரே திசையில் இழுத்துக் கட்டினால் கண்ணி ஒடுங்கி மூடிக்கொள்ளும், வாங்கிய அளவு காகிதத்தில்தான் இருக்கும். சதுரமாக விரியும்படி கட்டுங்கள். செவுள் மாட்டிச் சாகும் மீனும் நைலான் கூட்டில் அதிகம்.

கண்ணி சிறிதானால் எல்லா மீனும் நிற்கும், அப்படியானால் லாபம்தானே?

எண்ணிக்கை கூடும், எடை கொஞ்சம் கூடும், காசு பெரும்பாலும் கூடாது. கரையில் குஞ்சு மீன் கலசலாகப் போகும் விலை வேறு, தரம் பிரித்த விளமீனும் களவாவும் போகும் விலை வேறு. அதுபோக, கூட்டுக்குள் ஒரு அளவுக்கு மேல் மீன் சேர்ந்தால் வரவும் போக்கும் சமமாகிவிடும். மீன் கண்ணி வழியாக மட்டுமல்ல, வந்த வாய் வழியாகவும் திரும்பிப் போகும். மூன்று நாள் கிடந்த கூட்டில் ஒரு நாள் கூட்டைப்போல மூன்று மடங்கு மீன் இருக்காததற்கு இதுவே காரணம்.

உள்ளே மாட்டிய சிறு மீனைக் களவாவும் பேய்க்கணவாயும் (ஆக்டோபஸ்) தின்னும். இதைச் சிலர் இலவச இரை என்று சொல்வார்கள். ஓரளவு உண்மை, உள்ளே மீன் நடமாட்டம் இருந்தால் வெளியே உள்ள மீன் நெருங்கி வரும். ஆனால் பேய்க்கணவாய் ஏறிய கூட்டில் நல்ல மீனும் மிஞ்சாது.

சிறுகண்ணிக்கு ஆதரவாகச் சொல்லத்தக்க ஒரு வாதம் உண்டு. பாறை மீன் பலவும் கூட்டை ஒதுங்கும் இடமாகப் பார்த்துத்தான் நுழைகின்றன. நெருக்கமான கண்ணி நிழல் தரும், மறைவாகத் தெரியும். பெரிய கண்ணிக்கு மாறிய கூடு வெட்டவெளியாக இருப்பதால் வரவே குறையலாம். அதற்குக் கண்ணியைச் சுருக்க வேண்டாம். கூட்டின் மேல்பக்கத்தில் தென்னங்கீற்றோ பனை ஓலையோ வைத்துக் கட்டினால் நிழல் கிடைத்துவிடும்.

பெரிய கண்ணிக்கு மாறினால் வருமானம் விழாதா?

முதலில் விழும். இதை மறைத்துச் சொல்வது மீனவர்களை ஏமாற்றுவது. தப்பிய மீன் வளர்ந்து திரும்ப வரும்வரை பற்றாக்குறை இருக்கும். பக்கத்துக் கூட்டுக்காரர் சிறுகண்ணியிலேயே தொடர்ந்தால், நீங்கள் விட்டதை அவர் பிடிப்பார். ஆகவே ஒரு பாறையில் கூடு வைப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து மாறினால்தான் பலன்.

கரீபியன் தீவான ஜமைக்காவில் டிஸ்கவரி பே என்ற ஊரில் 1990-களில் இந்த வழியில்தான் போனார்கள். ஒன்றேகால் அங்குல அறுகோணக் கண்ணிக்குப் பதிலாக ஒன்றரை அங்குலக் கண்ணிக் கம்பி வலையை மீனவர்களுக்குக் கொடுத்து மாற்றினார்கள். கால் அங்குல வித்தியாசம்தான். சட்டம் போட்டுத் தண்டிப்பதைவிடக் கம்பி கொடுத்து மாற்றுவது எளிது, ஏனென்றால் ஒரு கூட்டின் செலவில் பெரும்பகுதி அந்தக் கம்பிதான். இதற்கு எதிர்முனையில் அட்லாண்டிக் தீவான பெர்முடா இருக்கிறது: பாறை மீன் மிகக் குறைந்துபோய், 1990-ல் மீன் கூட்டையே தடை செய்துவிட்டார்கள்.

முழுக் கூட்டையும் மாற்றாமல் குஞ்சை மட்டும் விட வழி உண்டா?

உண்டு. எங்கள் பரிந்துரையும் இதுதான்: கூட்டின் கண்ணியை அப்படியே விட்டுவிட்டு, இரண்டு மூலைகளில் ஒடுங்கிய செங்குத்துத் தப்புவழி வையுங்கள். 20 முதல் 30 செ.மீ. உயரமும், 2.5 முதல் 4 செ.மீ. அகலமும் உள்ள நீள்சதுரத் திறப்பு.

கண்ணி மீனின் உயரத்தை வைத்து வடிகட்டுகிறது. தப்புவழி தடிமனை வைத்து வடிகட்டுகிறது. வண்ணத்துப்பூச்சி மீன் போன்ற தட்டை மீன்கள் முழு வளர்ச்சியிலும் 3 செ.மீ. பிளவில் போய்விடும், அவற்றுக்குச் சந்தையில் விலை இல்லை, பாறைக்கு வேண்டியவை. உருண்ட களவாவும் தடித்த விளமீனும் நிற்கும். கென்யக் கரையில் கூடைப் பொறிகளில் இப்படித் தப்புவழி வைத்துப் பார்த்தபோது வேண்டாத மீன் குறைந்தது, பிடித்த மீனின் உருவம் பெருத்தது, வருமானமும் கூடியது.

செய்முறை:

1. நீங்கள் விற்கும் மீன் வகைகளில், விற்பனைக்கு ஏற்ற மிகச் சிறிய உருவத்தில் வகைக்கு இருபது முப்பது மீனின் தடிமனை அளங்கள். அதில் மிக ஒல்லியான மீனின் தடிமனைவிட 2 மி.மீ. குறைவாகப் பிளவின் அகலத்தை வையுங்கள்.

2. வாய்க்கு எதிர்ப்புறம் இருக்கும் இரண்டு மூலைகளைத் தேர்ந்தெடுங்கள். மாட்டிய மீன் சுவரை ஒட்டியே சுற்றிவந்து மூலையில் தேங்கும். சுவரின் நடுவில் வைத்த பிளவு பாதி வீண்.

3. கம்பியை வெட்டி, 6 மி.மீ. கம்பியில் வளைத்த நீள்சதுரச் சட்டத்தை அந்த இடத்தில் கட்டுங்கள். சட்டம் இல்லாமல் வெறுமனே வெட்டினால் தூக்கும்போது பிளவு வாயைப் பிளந்துகொள்ளும், 3 செ.மீ. 5 செ.மீ. ஆகிவிட்டால் நல்ல மீனும் போச்சு.

4. வெட்டிய முனைகளை உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்க விடாதீர்கள். செதில் உரிந்த மீன் தப்பியும் பிழைக்காது.

5. அடிப்பகுதி தரையிலிருந்து 3, 4 செ.மீ. மேலே தொடங்கட்டும். மண்ணில் புதையும் இடங்களில் இன்னும் கொஞ்சம் உயர்த்துங்கள்.

ஓரா பிடிப்பவர்களுக்கு இந்தப் பிளவு ஒத்துவருமா?

இங்கேதான் சிக்கல். ஓராவும் தட்டை மீன். 3 செ.மீ. பிளவு வைத்தால் விற்கத்தக்க ஓராவும் போய்விடக்கூடும். ஓரா முக்கியம் என்றால் உங்கள் கரையில் விற்கும் ஓராவின் தடிமனை அளந்துதான் அகலத்தைத் தீர்மானிக்க வேண்டும்; பலருக்கு அது 2 செ.மீ. பக்கம் வந்து நிற்கும். அந்த அகலத்தில் குஞ்சு ஓரா போகும், பெரிய வண்ணத்துப்பூச்சி மீன் சில மாட்டும். எல்லா மீனுக்கும் பொருந்தும் ஒரே அளவு கிடையாது. எந்த மீனை விட்டுக்கொடுப்பது என்று தொழில் செய்பவரே முடிவு செய்ய வேண்டும். ஓரா முள் குத்தினால் கடுக்கும் என்பதால், குஞ்சு ஓரா தானாகப் போய்விடுவது கைக்கும் நல்லது.

பாசி மேயும் மீன்களை விடுவதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. மன்னார் வளைகுடாப் பவளங்கள் 1998, 2010, 2016 ஆண்டுகளில் வெளுத்தன. வெளுத்துச் செத்த பவளத்தைப் பாசி மூடிவிட்டால் புதுப் பவளம் ஒட்டிப் பிடிக்க இடம் இருக்காது. அதை மேய்ந்து வைப்பவை கிளி மீனும் ஓராவும்தான். பாறை போனால் களவாவுக்கும் இடமில்லை.

சிறு மீனைப் படகில் பொறுக்கிக் கடலில் விட்டால் போதாதா?

எதுவும் செய்யாததற்கு அது மேல். ஆனால் கடலடியிலேயே தப்புவதற்கு ஈடாகாது. ஆழத்திலிருந்து வேகமாகத் தூக்கும்போது மீனின் காற்றுப்பை உப்பிவிடும். விட்டாலும் மேலே மிதந்து பறவைக்கு இரையாகும். ஆழம் குறைந்த பாறைகளில் இந்தத் தொல்லை குறைவு, வெயிலும் கையும் படுவதுதான் அங்கே சேதம். கூட்டைத் தூக்கும்போது மிரண்ட மீன் கண்ணியில் முட்டும் என்பதால், அடியிலிருந்து கிளப்பியதும் சற்று நிறுத்தி, மெதுவாக ஏற்றுங்கள்.

கண்ணி சரியாகத்தான் வாங்கினேன், நாளாக ஆகக் குஞ்சு கூடுகிறது. ஏன்?

கொட்டலசும் பாசியும் ஒட்டித் திறப்பு சுருங்கியிருக்கும். கம்பியின் இரு பக்கமும் 3 மி.மீ. ஒட்டினாலே 36 மி.மீ. கண்ணி 30 ஆகிவிடும். கரையில் ஏற்றி நன்றாக வெயிலில் காயவிட்டு, மரக்கட்டையால் தட்டி உதிருங்கள். இரும்புத் தூரிகை துத்தநாகப் பூச்சைச் சுரண்டிவிடும். பிறகு துரு வேகமாக ஏறும். கிழிந்த இடத்தை ஒட்டுப் போடும்போது ஜி.ஐ. கம்பிக்கு (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி) ஜி.ஐ. கம்பியே போடுங்கள். செம்பு அல்லது ஸ்டெயின்லெஸ் கம்பியால் கட்டினால் உப்புநீரில் ஜி.ஐ. கம்பிதான் அரிபடும். கண்ணியை இரட்டையாகப் போட்டு ஒட்டுவதும் கூடாது. இரண்டு அடுக்கு ஒன்றுக்கொன்று விலகி நின்றால் கண்ணியின் அளவு பாதிவரை சுருங்கிவிடும்.

நண்டுக்கும் சிங்கி இறாலுக்கும் எப்படி அளப்பது?

நண்டு பக்கவாட்டில் நகர்ந்து வெளியேறும். அதனால் ஓட்டின் அகலம் அதைத் தடுப்பதில்லை; முன்பின் நீளமும் உடல் கனமும்தான் தடுக்கும். தரையை ஒட்டிய படுக்கைப் பிளவுதான் அதற்குச் சரி. சிங்கி இறாலும் அப்படியே. மேற்கு ஆஸ்திரேலியப் பாறை இறால் கூடுகளில் 54 மி.மீ. உயரமும் 305 மி.மீ. நீளமும் உள்ள தப்புவழியைப் பல காலம் கட்டாயமாக வைத்திருந்தார்கள். நம் இனங்கள் வேறு. எண்ணை அப்படியே எடுக்காமல் அவற்றின் ஓட்டின் அளவை எடுத்து அதற்கேற்ப வையுங்கள்.

கூடு தொலைந்துபோனால்?

அது மீன் பிடித்துக்கொண்டே கிடக்கும். செத்த மீன் இரையாகி அடுத்த மீனை இழுக்கும். வேலங்குச்சியிலும் பனை நாரிலும் முடைந்த பழைய கூடு தானாக மட்கிவிடும். கம்பிக் கூடு அப்படியில்லை. ஒரு பக்கத்தில் குறைந்தது ஒரு சாண் சதுரத்துக்கு ஒரு கதவு வைத்து, அதைப் பருத்தி நூலாலோ மெல்லிய சணலாலோ மட்டும் கட்டுங்கள். நூல் மட்கியதும் கதவு விழுந்துவிடும். தேங்காய் நார்க் கயிறு வேண்டாம், உப்புநீரில் அது நெடுநாள் தாங்கும். கேபிள் டை போட்டால் கதவு வைத்ததே வீண். நூலை ஒவ்வொரு தடவையும் சரிபாருங்கள். பாதி மட்கிய நூல் நல்ல மீனோடு அறுந்து போவதும் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்த கடல் தேசியப் பூங்கா 1986-ல் அறிவிக்கப்பட்டது. அதன் எல்லைக்குள் எந்தக் கண்ணியிலும் கூடு வைக்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காக்கப்படும் கடல் குதிரை, கடல் அட்டை, ராட்சதக் களவா ஏறினால் அங்கேயே விட வேண்டும். ஏற்றுமதிச் சிங்கி இறாலுக்கு 2003 முதல் குறைந்தபட்ச எடை உண்டு: மணி சிங்கி 500 கிராம், மட்ட சிங்கி 300 கிராம், பாறை வாழ் ராள் சிங்கி 200 கிராம். ஊருக்கு ஊர் பெயர் மாறுவதால் வியாபாரியிடம் இனத்தைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் பாறைக்கு எந்த அளவு சரி என்று எப்படிச் சோதிப்பது?

ஒரே கயிற்று வரிசையில் மாற்றி மாற்றி வையுங்கள்: பழைய கூடு, பிளவு வைத்த கூடு, பழைய கூடு. இரை, ஆழம், கிடக்கும் நேரம் எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். அடுத்த முறை இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நல்ல பாறையில் கிடந்த கூடு ஜெயித்துவிடும். ஒரு வகைக்குப் பத்துத் தடவையாவது தூக்கிய பிறகே முடிவுக்கு வாருங்கள்.

ஒவ்வொரு மீனுக்கும் இனம், நீளம், உயரம், தடிமன், விற்ற விலை எழுதுங்கள். மொத்த எடையை மட்டும் எழுதினால் பழைய கூடு எப்போதும் மேலாகத் தெரியும். வரிசையில் ஒரு கூட்டை மட்டும் 15 மி.மீ. வலையால் முழுக்கப் போர்த்தி வையுங்கள். எந்தெந்த அளவு மீன் அங்கே நடமாடுகிறது என்பதை அது காட்டும்; அதில் மாட்டி, மற்றக் கூட்டில் மாட்டாத மீன்தான் கண்ணி வழியாகத் தப்பியது. சோதனை முடிந்ததும் அந்த வலையைக் கழற்றிவிடுங்கள்.